மூழ்கிய செலவு

விதைக்கு, கோழி எருவுக்கு, ஸ்பிரிங்ளருக்குப்
போட்ட பணத்தைக் கணக்கில் சேர்க்காதே என்றேன்.
அது மூழ்கிய செலவு. போனது போனதுதான்.
"மண்ணுக்குள்ள இருக்கிற கேரட்டுமா போச்சு?"
என்றான் பெள்ளி அண்ணன்.

முத்தோரை பாலாடா. இரவு பதினொரு மணி.
எதிர்ச்சரிவில் யாரோ நெற்றிவிளக்கோடு பிடுங்குகிறார்கள்.
கல்லூரி நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்:
ஆள் கூலி, கழுவும் கூலி, சாக்கு, லாரி, கமிஷன்,
கிலோவுக்குப் பதினோரு ரூபாய்.
மேட்டுப்பாளையம் மண்டியில் எட்டு.
எடுத்தால் மூன்று நஷ்டம், விட்டால் பூஜ்யம்.
பூஜ்யம்தான் பெரிசு அண்ணா,
அடுத்த போகத்துக்கு நிலமாவது மிஞ்சும்.

விடிந்ததும் பவர் டில்லர் வந்தது.
ஆரஞ்சுத் துண்டுகள் புரண்டு புரண்டு
மண்ணோடு போயின.

ஒன்பதாம் நாள் விலை முப்பத்தெட்டு.

வடக்கே மழையாம், வரத்தே இல்லையாம்.
மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்,
என் கணக்கில் பிழை இல்லை.
இருந்திருந்தால்
அவனிடம் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

இன்டர்னல் தேர்வில் அதே மாதிரிக் கேள்வி.
பத்துக்குப் பத்து.
'சரியான முடிவு' என்று சிவப்பில் எழுதியிருந்தார்
பிலோமினா மேடம்.
அந்தத் தாளை வீட்டில் காட்டவில்லை.

நேற்று ஊட்டி பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டான்,
கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்:
"பத்து நாள் சும்மா காத்திருக்க
உங்க புக்குல என்ன விலை போட்டிருக்கு?"

ஐந்தாம் அலகின் கடைசிப் பகுதி அது.
பரீட்சைக்கு வராது என்று
மேடம் தாண்டிப்போன பக்கங்கள்.

லவ்டேல் வரை நின்றுகொண்டே
ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி
புரட்டிக்கொண்டிருந்தேன்.