மூன்றுக்குக் கீழே

படிவத்தின் ஏழாம் கேள்வி,
குறைபாடு எத்தனை வீதம் என்பது.
தமிழ்ப் பக்கத்தில் மட்டும் எழுத்துப் பிசகி
'உமது குறைபாடு எத்தனை வீதி?' என்றிருந்தது.
கின்சி வீதி, பொரளைச் சந்தி, ராஜகிரிய தாண்டிப்
பத்தரமுல்லைக் கந்தோர் வரைக்கும் என்று
எழுதத்தான் கை போனது.
இடது எழுபது, வலது எண்பத்திரண்டு
என்று எழுதினேன்.

அதற்கு அத்தாட்சி வேண்டுமாம்.
அத்தாட்சி தரும் அறைக்கு வெளியே கிடக்கிற வாங்கு
காலையில் நான் வெள்ளைக் கோட்டோடு கடந்துபோன வாங்கு.
கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்து
இலக்கம் முப்பத்தொன்றாக உட்கார்ந்தேன்.
உள்ளே டொக்டர் பெனரகம.
போன கிழமை வாய்மொழிப் பரீட்சையில்
எனக்கு அறுபத்தெட்டுப் போட்டவர்.
நிமிர்ந்து பார்த்தார்.
பிறகு கேள்விகளை எல்லாம்
அம்மாவிடம் கேட்டார்.

வேண்டியது ஒன்றே ஒன்று.
ஒலியைப் பெருக்கி
என் காதுக் கருவிக்கே அனுப்புகிற ஸ்டெதஸ்கோப்.
இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
ஸ்டெதஸ்கோப் எல்லா மாணவருக்கும் உரிய பாட உபகரணம்,
எங்கள் நிதியில் அடங்காது என்றது ஒரு மேசை.
இது காது கேளாதோர் சாதனம்,
பாட உபகரணம் ஆகாது என்றது
அடுத்த கட்டடத்து மேசை.
இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு தேத்தண்ணிக் கடை.
அங்கே என் கணக்கு முந்நூற்று அறுபது.

மூன்று கடைகளின் விலைக் கூறல் கேட்டார்கள்.
இந்தச் சாமானைக் கொழும்பில் விற்பது ஒரே கடை.
யூனியன் பிளேஸ் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்:
"மற்ற ரெண்டையும் மச்சான்மாரிட்டச் சொல்லி
கூடப் போட்டுத் தரவா, மிஸ்?"

ரிஸ்மியா சொன்னாள்,
பட்ச்சில் ஆளுக்கு ஆயிரம் போட்டால் முடிஞ்சுது.
முடியும்தான்.
பிறகு இருநூற்றுச் சொச்சம் பேருக்கும்
ஐந்து வருடம், காணும் இடமெல்லாம்,
நல்லாக் கேக்குது, நல்லாக் கேக்குது என்று
நான் சொல்லிக்கொண்டு திரியவேணும்.

கையால் இதயம் கேட்கும் பெண் என்று
என்னை ஒரு பத்திரிகைக்குச் சொல்லிவிடாதீர்கள்.
அதில் அதிசயம் இல்லை.
நாலாம் நிலை முணுமுணுப்பு
நெஞ்சில் வைத்த எந்த உள்ளங்கைக்கும் அதிரும்,
பூனையின் தொண்டை மாதிரி.
மூன்றும் இரண்டும் ஒன்றும் அதிராது.
அவை காசுக்குத்தான் கேட்கும்.
பரீட்சைக்கு வைக்கிற நோயாளிகளின் இதயமோ
அநேகமாக மூன்றுக்குக் கீழே.

பதினோராம் மாதம் கடிதம் வந்தது.
அனுமதிக்கப்பட்ட தொகை: பாதி.
மிச்சத்துக்கு அப்பா
ஆட்டுப்பட்டித் தெருக் கடையில் முற்பணம் எடுத்தார்.
எவ்வளவு என்று எனக்குச் சொல்லவில்லை,
நானும் கேட்காத மாதிரி இருந்தேன்.
அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு.
கடிதத்தின் கடைசி நிபந்தனை:
கற்கை முடிந்ததும் கருவி
நல்ல நிலையில் மீள ஒப்படைக்கப்படல் வேண்டும்.
பட்டம் கிடைக்கிற அன்று
என் காதும் குணமாகிவிடும் என்று
யாரோ ஒருவர் நம்பியிருக்கிறார்.
கையொப்பம் இட்டேன்.

முதல் நாள், பதினாலாம் கட்டில், குணவதி அம்மே.
கருவியை வைத்ததும் வந்தது இதயமல்ல:
சீத்தைத் துணியின் உரசல்,
மேலே காற்றாடி,
யாரோ தட்டில் போட்ட கரண்டி.
இவ்வளவு இரைச்சலோடா இத்தனை நாள்
எல்லோரும் வேலை செய்தார்கள்?
"ஹுஸ்ம அல்லாகன்ன, அம்மே," என்றேன்.
அவள் மூச்சைப் பிடித்தாள்.
லப் முடிந்து டப் வருமுன்
நடுவில் ஏதோ மெல்லக் கசிந்தது.

இரண்டு என்று எழுதினேன்.
பிறகு வெட்டி, மூன்று.
மறுபடியும் வைத்துக் கேட்டேன்.
குணவதி அம்மே இன்னும்
மூச்சை விடவில்லை.
நான் விடச் சொல்ல மறந்திருந்தேன்.