நோட்டீஸ் அல்ல

முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
வாசலில் தந்துவிட்டு வாங்கிக்கொண்டு போனான்.
ஐம்பத்திரண்டு அட்டை, சீட்டுக்கட்டுக் கணக்கு,
ஓரத்தில் தங்கக் கோடு.
காலையில் ஒன்றை உருவி
கண்ணாடி முன் மூன்று முறை வாசிக்க வேண்டும்.

*பிரபஞ்சம் எனக்காக வேலை செய்கிறது.*
எந்தக் கிளையில் என்று போடவில்லை.
நான் மார்த்தாண்டம் கிளையில் இருக்கிறேன்.
ஏழு குழு, நூற்றுப் பதினொரு பெண்கள்,
வாரத் தவணை, ஸ்கூட்டர், மழைக்கோட்டு.

புதுவருஷ ராத்திரி ஆராதனையில்
தட்டில் வரும் வாக்குத்தத்த அட்டையைக்
கண்ணை மூடி எடுத்துப் பழகிய கைதான்.
அதில் 'உன்னை' என்று இருக்கும்,
யாரோ நம்மைப் பார்த்துச் சொல்வது.
இதில் எல்லாம் 'நான்'.
சொல்லவும் நான், கேட்கவும் நான்,
நடுவில்
பற்பசை தெறித்த கண்ணாடி.

*நான் அமைதியானவள்*
என்று வாசித்த அன்று
குழித்துறைப் பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன்.
மேனேஜர் நாலு தடவை அழைத்தார்.
மஸ்கட்டிலிருந்து ஒரு தடவை.
அங்கிருந்து இப்போது போன் மட்டும்தான் வருகிறது.

ஆனாலும் விடவில்லை.
பொய் என்று தெரிந்தே
மருந்து குடிப்பதுபோல் குடித்தேன்.
ஒன்றிரண்டு நாள் வெப்ராளம் குறைந்த மாதிரியும் இருந்தது.
அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கருங்கல் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்குக் கீழே
கமலபாய் அக்கா வீடு.
அண்டி ஆபீஸ் பூட்டி இரண்டு மாசம்.
ஒன்பது தவணை பாக்கி.
போன வியாழன் அவளுடைய பாஸ்புக்கில்
என் அட்டை ஒன்று சொருகிக்கொண்டு போய்விட்டது,
எனக்குத் தெரியாது.

இந்த வியாழன்
முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள்.
ரேஷன் கார்டு உறைக்குள் அட்டை.
"பிள்ளே, இது கோர்ட்டு நோட்டீஸா?"
பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தாவிடம் காட்டியிருக்கிறாள்.
சீல் இல்லை, தேதி இல்லை,
எதுக்கும் பத்திரமா வை என்றாராம்.

*எனக்குத் தேவையான எல்லாம் என்னிடம் இருக்கிறது.*

"எங்கிட்ட எல்லாம் இருக்குன்னு
ஆரு எழுதிக் குடுத்தது?
உள்ள வந்து பாரு பிள்ளே.
பாத்துட்டு எழுதச் சொல்லு."

போனேன்.
சிலிண்டரைக் காலால் தள்ளிக் காட்டினாள், உருண்டது.
அரிசி டப்பாவைத் திறந்து சரித்தாள்.
மூலையில் மூடு மரச்சீனி இரண்டு,
மண்ணோடு.
அண்டிப் பால் பட்டுக் கறுத்த விரல்களை
விரித்துக் காட்டினாள்,
அதுவும் சொத்துக் கணக்கில் சேருமா என்பதுபோல.

"நோட்டீஸ் இல்ல அக்கா.
இது எனக்கு.
காலையில நானே எனக்குச் சொல்லிக்கிறது."

அட்டையைப் பார்த்தாள்.
என் மழைக்கோட்டை, அடையாள அட்டையை,
கம்பெனி பையைப் பார்த்தாள்.
ரொம்ப நேரம் கழித்து,
"அப்போ ஒனக்கும் ஒண்ணும் இல்லியா?"

அடுப்பில் சுள்ளி வைத்து
கட்டன் போட்டுத் தந்தாள்.
சர்க்கரை இல்லாததைப் பற்றி
இருவரும் பேசவில்லை.
புறப்படும்போது அட்டையைத் திருப்பித் தந்தாள்,
உறையை வைத்துக்கொண்டாள்.

செல்போனில் மூன்று கட்டம் வரும்:
கட்டினார். கட்ட மறுத்தார்.
வீடு பூட்டியிருந்தது.
திறந்த வாசலுக்கு நேரே நின்று
மூன்றாவதை அழுத்தினேன்.

தோட்டத்து வளைவில் வண்டியை நிறுத்தி
பக்கக் கண்ணாடியைத் துடைத்து
என் முகத்துக்கு நேரே திருப்பினேன்.
வீடு பூட்டியிருந்தது.
வீடு பூட்டியிருந்தது.
வீடு பூட்டியிருந்தது.

மேனேஜர் கேட்கும்போது
குரல் தடுமாறக் கூடாது.