விரலை எடுத்த பிறகு

லாபிஸ் எண்ணெய் ஆலைக்குப் பின்னால்
வெறுங்குலைகள் குவிந்து புகையும் இடத்தில்
பழைய உரக் கொட்டகை.
அதற்குள் ஒரு விமானம்.
சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தார்கள்.
லோரிக்கார ஆ ஹோக் மட்டும் சிரிக்கவில்லை.
"பறக்குமா?" என்றான்,
நான் தரவேண்டிய எழுநூறு வெள்ளியை மனதில் வைத்து.

பறப்பது பிறகு.
முதலில் அது விழிக்க வேண்டும்.

வோக்ஸ்வேகனிலிருந்து கழற்றிய இன்ஜின்.
பதினோரு ஞாயிறாகச்
சுற்றுகிறது, சுற்றுகிறது,
பற்றவில்லை.

பிளக்கைக் கழற்றினேன், நனைந்திருந்தது.
பெட்ரோல் அதிகம் என்றேன்.
அடுத்த வாரம் காய்ந்திருந்தது,
பெட்ரோல் போதவில்லை என்றேன்.
கார்புரேட்டர் மிதவையைத் திட்டினேன்.
ஜொகூரின் ஈரக்காற்றைத் திட்டினேன்.
இன்ஜினை விற்ற சிகாமட்காரனை
அவன் பாட்டன் வரைக்கும் திட்டினேன்.
இருபத்திரண்டு வருடம் ஆலையில் ஃபிட்டர்,
என் வாயில் காரணத்துக்கா பஞ்சம்?

திரவியம் யாரையும் திட்டவில்லை.
எடைமேடையில் உட்கார்ந்து
லோரி வரும்போது ஓர் எண்
போகும்போது ஓர் எண்
எழுதி எழுதித் தேய்ந்த விரல் அவளுக்கு.
வித்தியாசம்தான் குலை,
மிச்சமெல்லாம் பேச்சு என்பாள்.

அவளுடைய பச்சை நோட்டில்
என் பதினோரு ஞாயிறும் இருந்தன:

காலை 7.40. மேகம். ஆறு சுற்று. இல்லை.
8.05. எட்டுச் சுற்று. விரலை எடுத்ததும் ஓர் உதை.
மாலை, மழை விட்டபின். விரலை எடுத்ததும் ஒரு இருமல்.
கெட்ட வார்த்தை நான்கு.

"இத பாரு.
பொத்தான அழுத்துறப்ப ஒன்னுமில்ல.
விட்ட பெறகுதான் உதைக்குது.
எல்லா வாரமும்."

தற்செயல் என்றேன்.
அவள் மீட்டரை என் கையில் திணித்தாள்.

சும்மா இருக்கையில் பன்னிரண்டரை வோல்ட்.
அழுத்தினேன்.
தீப்பொறிப் பெட்டியின் வாசலில்
ஏழரை.

"லோரி ஏறுனா முள்ளு ஏறணும்,
இங்க எறங்குது.
நடுவுல யாரு திங்கிறா?"

கறுப்பு ஒயரின் வழியே நடந்தோம்,
திருடன் போன தடத்தில் நடப்பதுபோல.
பேட்டரியின் மைனஸில் ஒரு முனை,
இன்ஜினின் உடம்பில் ஒரு முனை:
ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில்
மூன்று வோல்ட் உட்கார்ந்திருந்தது.

ஆ ஹோக்கின் ஜம்பர் கேபிளை வாங்கி
இரண்டையும் நேராக இணைத்தாள்.
"இப்ப அழுத்து."

ஒரே சுற்று.

கொட்டகை அதிர்ந்தது.
உரச்சாக்குகள் எழுந்து சுவரில் ஒட்டிக்கொண்டன.
வாசலில் ஆ ஹோக் எதையோ கத்தினான்,
வாயசைவு மட்டும் தெரிந்தது.
நான் சிரித்தேனா என்று தெரியாது,
பல்லில் தூசி இருந்தது.

அணைத்தேன்.
அமைதியில் ஆலையின் சங்கு
எப்போதையும்விட மெலிதாகக் கேட்டது.

பிறகு சட்டத்தில் எர்த் பட்டை உட்காரும்
போல்ட்டைக் கழற்றினேன்.
அடியில், மயில்கழுத்து நீலம்.
மூன்று பூச்சு.
பூச்சுக்குப் பூச்சு இடையில்
நானே தேய்த்து, நானே துடைத்து,
முகம் தெரிகிறது பார் என்று
அவளைக் கூப்பிட்டுக் காட்டிய பெயிண்ட்.
மின்சாரம் அதன் மேல் நின்று
முகம் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
உப்புக்காகிதத்தை நீட்டினாள்.
ஐம்பது காசு அகலம் தேய்த்தேன்.
இன்னும் என்றாள்.
தேய்த்தேன்.
வெள்ளையாக இரும்பு தெரிந்தது.
வாஸ்லின் தடவி முறுக்கினேன்.

கேபிள் இல்லாமல், மறுபடியும் ஒரே சுற்று.

நோட்டில் என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தேன்:
10.12. பற்றியது.
காரணத்துக்கு விட்ட கட்டம் காலி.

"பெயிண்ட்னு போட வேண்டியதுதானே?"

"ஒரு தடவ எட போட்டா கணக்கில்ல,
ஆறட்டும்.
பசியாறிட்டு வந்து
திரும்ப அழுத்து."