நாற்பத்திரண்டு டிகிரி

ஊர் அடுப்பையெல்லாம் எரியவைக்கிறவன்
என் அடுப்பை அணைத்து
இன்றோடு முப்பத்தேழு நாள்.

கௌனாஸ் நகரின் வடக்கு அடுக்ககங்களில்
எரிவாயு பழுதுபார்ப்பவன் நான், விட்மாண்டாஸ்.
நீலச் சுடர் மஞ்சளாகித் திக்கினால்
என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
வேலை முடிந்தால் உட்காரச் சொல்வார்கள்.
உட்கார்ந்தால் தட்டு வரும்.
இருபத்தாறு வருடத் தட்டுகள்.
பெல்ட்டின் கடைசித் துளையைத் தாண்டி
ஆணியால் நானே இரண்டு துளை போட்டுக்கொண்டேன்.

அக்டோபரில் மருத்துவர் ஔஷ்ரினே
தாளில் ஓர் எண்ணை வட்டமிட்டார்.
எதுவும் சொல்லவில்லை,
பேனாவை மூடினார்.
அப்பா போனது ஐம்பத்திநாலில்.
எனக்கு ஐம்பத்திரண்டு.

அதே வாரம் மூன்றாம் மாடியில் ஒருத்தி
அடுப்பைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னாள்.
ரிப்பேர் இல்லை, வேண்டாமாம்.
குழாயின் வாயை அடைத்து முத்திரை வைத்தேன்.
அடுப்பு நின்ற சதுரத்தில்
எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம்.
அதன்மேல் எலுமிச்சைத் தொட்டியை நகர்த்திவிட்டு
கழுவிய கேரட் ஒன்றை நீட்டினாள்,
எனக்கு வந்த தட்டுகளிலேயே சிறியது.
படி இறங்குகையில் கடித்தேன்.
நாலு மாடிக்கும் கேட்டிருக்கும்.

"முயலுக்கா கழுத்தை நீட்டினேன்?"
என்றாள் டங்குவோலே, தன் உருளைக்கிழங்கைப் பொரித்தபடி.
எதிரே நான்
முட்டைக்கோஸை அரைத்துக்கொண்டிருந்தேன்,
தாடை வலிக்க வலிக்க.
முதல் வாரம் முழுக்க
வாயுக்காரனுக்கே வயிற்றில் வாயு.
கசிவு எங்கே என்று
அவள் கருவியைத் தேடினாள்.

இறைச்சியை விட்டது சுலபம்.
பால்கட்டியைக் கனவில் இரண்டு முறை தின்றேன்.
கறுப்பு ரொட்டிதான்.
ரொட்டிக் கடை வழியாகப் போகாமல்
இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடக்கிறேன்.
நடந்ததில் இளைத்தேனா
தின்னாததில் இளைத்தேனா
எனக்குத் தெரியாது.

பச்சைப் பட்டாணி, பச்சை வெங்காயம்,
பச்சையாய் ஊறவைத்த கோதுமை,
ஜன்னலோரச் சாடியில் வெள்ளை வால் விடும் பயறு.
"ரொட்டி ஞாபகமே வரவில்லை"
என்று அவளிடம் சொன்னது
பச்சைப் பொய்.

விதி என்னவென்றால்
நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் எதுவும் சூடேறக்கூடாது.
வெளியே மைனஸ் பதினாறு.
ஆப்பிள் வில்லைகளை
ஹீட்டரின் முதுகில் காயப்போட்டேன்.
பாய்லருக்கு வைக்கிற வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்:
நாற்பத்தாறு.
நாலு டிகிரிப் பாவம்.
ஒரு துண்டை விரித்து அதன்மேல் பரப்பினேன்.
டங்குவோலே துண்டோடு சேர்த்து முகர்ந்துவிட்டு
மூன்று வில்லை எடுத்துக்கொண்டு போனாள்.

நேற்று மறுபடி ஔஷ்ரினே.
எண் இறங்கியிருக்கிறது,
வட்டத்துக்கு வெளியே இல்லை,
வட்டத்தின் கோட்டின்மேல்.
பி பன்னிரண்டு மாத்திரையை விடாதே என்றார்.
அது பச்சையா வெந்ததா என்று கேட்டேன்.
முதல் முறையாகச் சிரித்தார்.
கால் எப்போதும் சில்லிட்டிருப்பதைச் சொன்னேன்.
இரண்டு சாக்ஸ் போடச் சொன்னார்.
அதற்கும் ஒரு சீட்டு எழுதித் தருவாரோ என்று காத்திருந்தேன்.

இன்று மாலை ரிமாண்டே வீடு.
இரவுப் பணிக்குப் போகும் செவிலி.
கைக்குழந்தை அழ, பால் ஆற,
பற்றிய சுடர் பற்றிய மாத்திரத்தில் அணைகிறது.
முனையைக் கழற்றி ஊதினேன்,
பதினைந்து நிமிடம்.
தீக்குச்சி.
நீலம், வட்டமாய், திக்காமல்.
அவள் பால் பாத்திரத்தை வைத்து எடுத்தாள்.
அடுத்து சூப்பை வைத்தாள்.
"ஒரு கிண்ணம்?"
"வேண்டாம்" என்றேன்,
சொன்னது எனக்கே கேட்டது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.
சுடர் சரியாக நிற்கிறதா என்று
பார்க்கத்தான் வேண்டும், அது விதிமுறை,
இரண்டு நிமிடம்.
கையுறையைக் கழற்றி
இரண்டு உள்ளங்கையையும் நெருப்பின் பக்கம் காட்டி
நின்றேன்,
ஐந்தாறு நிமிடம்.