முன்பக்கம் மட்டும்

காக்கி புக்கிட், நாலாம் மாடிப் பட்டறை.
விஞ்சு பூட்டிய நாளிலிருந்து
வண்டி மூக்கால் தரையை முகர்கிறது.

ஜாக்கியில் ஏற்றி
டார்ஷன் கம்பியின் போல்ட்டை
அரைச் சுற்று, பிறகு கால் சுற்று
திருகுகிறார் ஷேக் மதார்.
இறக்கி, பம்பரை அமுக்கிப் பார்த்து,
'ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க.
இரும்பு உக்காரணும்.'

சரிவுப்பாதை நெடுக லாரிகள்.
போய் வந்தேன்.

'இறங்காதீங்க, ஆள் பாரத்தோட அளக்கணும்.'
சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப்.
இடது ஐந்நூற்றுப் பத்து.
வலது நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.

'பக்கத்துல யாரும் வர்றதில்லையோ?'

ஏப்ரலிலிருந்து, என்றேன்.

அவர் டேப்பைச் சுருட்டினார்.
வலது போல்ட்டுக்கு இன்னொரு கால் சுற்று
கொஞ்சம் யோசித்து
இன்னொரு அரைக்கால்.

இந்தத் தீவில் உச்சிக்குன்றே நூற்றுச் சொச்சம் மீட்டர்.
சேறு வேண்டுமென்றால் பாலம் தாண்டவேண்டும்.
ஆனாலும் முன்கண்ணாடியில் இன்று
சாலை சற்றுக் கீழே கிடந்தது.

ஈசூன் புளோக்கின் கார்பார்க் வாசலில்
சங்கிலியில் தொங்கும் உயரத் தடுப்பு.
ஜன்னலை இறக்கிக் காது கொடுத்து
ஊர்ந்தேன்.

டிக்.

ஏரியல்தான்.
பின்னால் ஒரு டாக்சி ஹாரன் அடித்தது.
சங்கிலி ஆடி முடியும்வரை
நகரவில்லை நான்.