ஊசி ஏறிய மலை

நுவரெலியாவுக்கு என்றுதான் புறப்பட்டோம்.

திருக்கோணமலையில் ஸ்வெற்றர் தேடுவது
மீன்கடையில் குடை கேட்பதுபோல.
பஸ் நிலையத்துக்கு எதிரே, பொதிச் சட்டைக்காரன்
குவியலின் அடியிலிருந்து நாலைத் தோண்டி எடுத்தான்.
ஒன்றின் நெஞ்சில் பனிமான் பின்னியிருந்தது.
கொம்பில் ஒரு பக்கம் இல்லை.
அதுதான் எனக்கு.

அதிகாலை நாலு மணி.
நஸ்மிலின் வாப்பா கிண்ணியாவில் மீன் ஏற்றுகிற வான்.
மூன்று தரம் கழுவியும்
கும்பளா வாசம் இறங்க மறுத்துவிட்டது.
ஜெனிற்றா முன் ஆசனம்,
கோபிராஜ் கடைசி ஆசனம்,
நடுவில் நான், தபால் கந்தோர்.
"தண்ணிப் போத்தல் அவரிட்டயோ எண்டு கேள்."
"இல்லையெண்டு சொல்லு."
இரண்டு மாதமாக இப்படித்தான்.
முப்பத்தெட்டாயிரம் ரூபா,
ஓட்டோ லீசிங் கட்ட வாங்கியது.
வாங்கியவனுக்கு வெட்கம், கொடுத்தவளுக்குக் கோபம்,
இருவருக்கும் நல்ல ஞாபகசக்தி.

தம்பலகாமம் இருட்டில்
தவளைச் சத்தமாக மட்டும் கடந்து போனது.
கந்தளாயில் வானம் வெளிறும்போது
சூடு காட்டுகிற சிவப்பு ஊசி
றம்பொடை வளைவுகளில் ஏறத் தொடங்கியது,
வான் சமதரையில் நின்றபடி.
அன்று மலை ஏறியது
அது ஒன்றுதான்.

மூடியைத் திறந்தால் முகத்தில் புகார்.
"இந்தா, நுவரெலியா வந்திட்டுது" என்று
நஸ்மில் தானே சொல்லித் தானே சிரித்தான்.

கராஜ் அரைக் கிலோமீற்றர்.
அவன் ஸ்ரியரிங்கில்,
பின்னால் ஆறு கைகள்.
வீதியோரத்து எருமைகள்
வேலை தெரியாதவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தன.
ஜெனிற்றா சொன்னாள்:
"தள்ளு."
எனக்கில்லை.
இரண்டு மாதத்தில் அவனுக்குக் கிடைத்த முதற்சொல்.
அவன் மூச்சு வாங்கி, கொஞ்சம் யோசித்து,
"தள்ளுபடியோ?" என்றான்.
"வாயை மூடிக்கொண்டு தள்ளு. காசு காசுதான்."

மெக்கானிக் ஒற்றைச் செருப்போடு வந்தார்.
மற்றது எங்கேயென்று கேட்க எங்களுக்குச் சிங்களம் போதாது.
கஸ்கற் போய்விட்டதாம். சாமான் திங்கட்கிழமையாம்.
"கந்த நகின்ன பே."
மலை ஏறாது.
மெல்ல உருட்டினால் திருக்கோணமலைக்குத் திரும்பலாம்.
"பேரில மலை இருக்குத்தானே, அது காணும்"
என்றான் நஸ்மில்.

குளக்கட்டில் ஒரு முட்டித் தயிர்.
கரண்டி இல்லை, பிஸ்கட் பெட்டியைக் கிழித்து அள்ளினோம்.
தண்ணீருக்கு அப்பால் நீலமாய் நாலைந்து மலைகள்.
பெயர் ஒருவருக்கும் தெரியாது.
அறை எடுத்த விடுதிக்காரர் தொலைபேசியில்
முற்பணம் திரும்பாது என்றார்,
இங்கே நல்ல குளிர் என்று
கேட்காமலே சொன்னார்.

பின்னேரம் கன்னியா.
குளிருக்குப் புறப்பட்டவர்கள்
வெந்நீர்க் கிணற்றில் வாளி போட்டு நின்றோம்.
ஏழிலும் ஏழு சூடு.
ஒவ்வொன்றாய் ஊற்றிப் பார்த்து
கூச்சல் போட்டு,
பக்கத்தில் குளித்த குடும்பத்திடம் ஏச்சு வாங்கி.
"இது எத்தின பாகை இருக்கும்?" என்றேன்.
"முப்பத்தெட்டு" என்ற கோபிராஜ்
உடனே நாக்கைக் கடித்தான்.
ஜெனிற்றா ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு வாளி மொண்டாள்,
ஆகச் சூடான கிணற்றிலிருந்து,
நிதானமாக அவன் தலையில் ஊற்றினாள்.
அவன் அசையாமல் நின்றான்.
அது வட்டியாக இருக்கலாம்.

பொழுதுபட, கோட்டை வாசலில் வானை நிறுத்தினோம்.
கடற்காற்றும் ஈரத் தலையும்.
வாங்கியதற்கு ஒரு தரமாவது என்று
நாலு பேரும் ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டோம்.
கோயிலுக்குப் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.
மர நிழலிலிருந்து ஒரு புள்ளிமான்
நேராக என்னிடம் வந்தது.
என் நெஞ்சிலிருந்த மற்ற மானை,
கொம்பு குறைந்ததை,
கன நேரம் பார்த்தது.
நாங்கள் பேச்சை நிறுத்தினோம்.
கோபிராஜ் ஜெனிற்றாவின் போனை வாங்கி
படம் எடுக்கத் தயாரானான். அவளும் கொடுத்தாள்.
மான் கிட்ட வந்து, மூக்கை வைத்து,
ஒரு தரம் முகர்ந்தது.

கும்பளா.

திரும்பிப் போய்விட்டது.