எடுத்த இடம்

இரவுப் பணி முடிந்த கையோடு கிளம்பியது தப்பு.
மூவர் கண்ணிலும் மணல்.
சகாயமேரி போன மாதம் வாங்கிய கார்
அவளுக்கு முன் நான்கு பேரிடம் இருந்தது;
மூன்றாவது கியர் கெஞ்சினால்தான் விழும்.

சத்தர்பூரில் நேற்றைய கல்யாணங்களைப் பிரித்து
லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஃபதேபூர் பேரியில் பட்டூராவுக்கு எண்ணெய் காய்ந்தது.
"சாப்பிட்டால் தூங்கிவிடுவேன்" என்றாள் ஓட்டுகிறவள்.
சாப்பிட்டோம்.
பிறகு ஜன்னல்களை இறக்கிவிட்டு
அவள் கன்னத்தில் தண்ணீர் தெளித்தபடியே வந்தேன்.

அசோலா பட்டி சரணாலயம்.
பலகையில் ஒரு சிறுத்தை இளித்துக்கொண்டிருந்தது.
அதன் கீழே நிஜக் குரங்குகள்
(நகரத்தில் பிடித்ததை இங்கேதான் கொண்டுவந்து விடுகிறார்களாம்)
எங்கள் வைப்பரை இழுத்துப் பார்த்தன.
"ராமநாதபுரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தது
இதைப் பார்க்கவா?" என்று
அங்கயற்கண்ணி கைகாட்டியது சீமைக்கருவேலம்.
காடு முழுக்க அதுதான்.
செருப்பைத் தாண்டிக் குத்தும் அதே முள்.

காவலர் ராம்ஃபல் முன்னால் நடந்தார்.
கொஞ்ச தூரத்தில்
தரை சட்டென்று காட்டைக் கைவிட்டது.

சிவப்பு.
எட்டிப் பார்த்த வயிறு உள்ளே இழுத்துக்கொண்டது.
மழை நகத்தால் கீறிக் கீறி
சுவரெல்லாம் ஓடைகள்;
அடியில், யாரோ மறந்துவைத்த மாதிரி
நீலமாய்க் கொஞ்சம் தண்ணீர்.
நடுவில் ஒரு மண்தூண், அதன் உச்சியில் ஒரே மரம்.
குளம் வெட்டுகிறவர்கள் கூலி அளக்க விட்டுவைக்கும்
சாட்சியைப் போல அது நின்றது:
முன்பு தரை இவ்வளவு உயரத்தில் இருந்தது.

பதர்பூர் மணல் என்றார் ராம்ஃபல்.
மூடுகிறவரைக்கும் அவர் அப்பாவுக்கு இங்கேதான் வேலை.
கழுதைகள் ஏறிய தடத்தைத் தடியால் காட்டினார்.
ஒரு தடவை சுவர் சரிந்தது என்று ஆரம்பித்தவர்
எத்தனை பேர் என்று சொல்லாமல்
தடியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.
"உங்கள் வீடு எங்கே?"
கோட்லா, இரண்டாம் மாடி.
"பழைய கட்டடமா?"
ஆமாம்.
"அப்படியானால் அதுவும் இதுதான்."

நான் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தேன்.
தெரியும் எனக்கு இதை.
கீசர் மாட்டத் துளையிட்ட அன்று
வெள்ளைப் பொடி உதிர்ந்து முடிந்த பிறகு
சுவருக்குள்ளிருந்து வந்ததும் இதே நிறம்.
பழைய செய்தித்தாளில் கூட்டி அள்ளி
குப்பையில் போட்டவள் நான்தான்.

"புண் மாதிரி இருக்கு" என்றாள் சகாயமேரி.
தீக்காய வார்டில் பதினோரு வருடம் இருந்தவள்.
எங்களுக்கு மலை, மேகம் எல்லாமே
கட்டுப் பிரித்த ஏதோவொன்றின் சாயல்தான்.
"புண் இல்லை" என்றாள் அங்கயற்கண்ணி.
"தோல் எடுத்த இடம்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
ஒரு நீலமான் எங்களைப் பார்த்து
முக்கியமில்லை என்று தீர்மானித்துப் போனது.

இன்று விடிகாலை நான்கு மணிக்கு,
கழுத்தில் ஒட்டிய புதுத்தோல் பிடித்துவிட்டதென்று
டாக்டர்கள் மகிழ்ந்துபோன பதினான்காம் படுக்கைக்காரி
என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு கேட்டாள்:
வெந்த இடம் பரவாயில்லை, சிஸ்டர்,
ஒன்றுமே ஆகாத தொடை ஏன் இப்படி எரிகிறது?
எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும் என்றேன்.
எல்லோருக்கும் சொல்கிற பதில்.

திரும்பும்போது நான் தூங்கிவிட்டேன்.
எந்தத் தண்ணீரும் தெளிக்காமல் அவளே ஓட்டிவந்தாள்.

வீட்டில் தூக்கம் வரவில்லை.
கீசருக்குப் பக்கத்தில்
எலக்ட்ரீஷியன் தவறுதலாய்ப் போட்ட இன்னொரு துளை.
வீட்டுக்காரருக்குத் தெரியாமலிருக்கப்
பற்பசையால் அடைத்திருந்தோம்.
காய்ந்து வெடித்திருந்தது.
விரல் வைத்தேன்,
கொஞ்சம் சிவப்பாய் உதிர்ந்தது.
அழுத்தவில்லை.